முடிகிற கதையிலிருந்து தொடங்குங்கள்

நீலகிரியில் பந்தலூர் பக்கம் தேயிலைத் தொழிற்சாலை ஒன்றில் கணக்கு எழுதும் தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார்: “சூப்பர்ஹீரோ படங்களை ஒன்றுவிடாமல் பார்த்துவிட்டேன், அண்ணா. இனி காமிக்ஸாகப் படிக்க வேண்டும். எங்கிருந்து தொடங்குவது? தேடினால் நூறு பட்டியல்கள் வருகின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொன்றைச் சொல்கிறது. மாதம் ஒரு புத்தகம் வாங்க முடியும். அப்பா சேர்த்துவைத்த லயன், முத்து காமிக்ஸ் படித்து வளர்ந்தவன் நான். அக்கா மகளுக்குப் பதினோரு வயது; நான் எதை வாங்கினாலும் அவளும் பிடுங்கிப் படிப்பாள்.” தாத்தா காலத்தில் கண்டிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம் என்றும் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறார். அந்த வரிக்கு என் பதிலில் வேலை இருக்கிறது.

தம்பி, முதல் புத்தகமாக ‘சூப்பர்மேன் ஸ்மாஷஸ் தி க்ளான்’ வாங்குங்கள். எழுதியவர் ஜீன் லுவென் யாங். வரைந்தவர்கள் குரிஹிரு என்ற ஒரே பெயரில் சேர்ந்து வேலை செய்யும் இரண்டு ஜப்பானிய ஓவியர்கள். அடுத்த மாதம் ‘பேட்மேன்: இயர் ஒன்’. இந்த இரண்டையும் முடித்துவிட்டால் உங்கள் ருசி எந்தப் பக்கம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். பட்டியல்களின் தலையில் நிற்கும் பெரிய பெயர்களை விட்டுவிட்டு ஏன் இவற்றைச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். அதற்கு அமெரிக்காவில் இந்தக் காமிக்ஸ் எப்படி வெளிவருகிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

அங்கே சூப்பர்ஹீரோ கதைகள் முடிப்பதற்காக எழுதப்படுவதில்லை. சூப்பர்மேன் 1938-இல் ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில் வந்தார். பேட்மேன் 1939-இல். ஸ்பைடர்மேன் 1962-இல். மூவரும் இன்றுவரை மெல்லிய மாத இதழ்களில் வந்துகொண்டுதான் இருக்கிறார்கள். எழுதுபவர் மாறுவார், வரைபவர் மாறுவார், நாயகன் செத்துப்போவான், அடுத்த ஆண்டே திரும்பி வருவான். போதாததற்கு ஒருவர் கதைக்குள் இன்னொருவர் வந்து போவார். இரவு எட்டு மணித் தொலைக்காட்சித் தொடரை ஆயிரமாவது நாளில் பார்க்க உட்கார்ந்தால், யாருக்கு யார் என்ன உறவு என்று பாட்டியிடம் கேட்க வேண்டியிருக்கும் அல்லவா? இங்கேயும் அதே கதைதான். கேட்பதற்குப் பாட்டிதான் இல்லை.

சரி, ஒன்றாம் எண் இதழிலிருந்து வரிசையாகப் படித்துவிடலாம் என்று தோன்றும். அந்த எண்ணை நம்பாதீர்கள். விற்பனை சரியும்போதெல்லாம் நிறுவனங்கள் எண்ணை மறுபடி ஒன்றுக்குத் திருப்பிவிடும். சூப்பர்மேனையும் பேட்மேனையும் வெளியிடும் டிசி நிறுவனம் 1985–86-இல் பன்னிரண்டு இதழ்கள் வந்த ஒரு பெருங்கதையை வைத்துத் தன் உலகங்களையெல்லாம் இடித்துக் கட்டியது. 2011-இல் 52 இதழ்களை ஒன்றாம் எண்ணிலிருந்து மறுபடி தொடங்கியது. ஸ்பைடர்மேனை வெளியிடும் மார்வெலும் இதில் சளைத்ததில்லை. ஆகவே அட்டையில் ‘1’ என்று பார்த்து ஆசையோடு வாங்கினால், உள்ளே நீங்கள் படித்தேயிராத பத்து வருடச் சண்டை ஒன்றின் பாக்கி ஓடிக்கொண்டிருக்கலாம். உண்மையிலேயே முதலாவதான 1938-ஆம் வருட இதழைத் தேடிப் படிப்பதும் இப்போதைக்கு வேண்டாம். அதில் சரித்திரம் இருக்கிறது. ஆனால் இன்றைய வாசகரைக் கட்டி இழுக்கும் கதையோட்டம் குறைவு.

நல்லவேளையாக இந்த முடிவில்லாத ஓட்டத்துக்கு நடுவே, சில எழுத்தாளர்கள் ஒரு நாயகனைக் கொஞ்ச காலத்துக்கு வாங்கிக்கொண்டு, தொடக்கமும் முடிவும் உள்ள ஒரு முழுக் கதையைச் சொல்லிவிட்டு விலகியிருக்கிறார்கள். மூன்று, நான்கு, பன்னிரண்டு மாத இதழ்கள் சேர்ந்து ஒரே புத்தகமாகக் கட்டப்பட்டுக் கிடைக்கும். புதியவருக்கு வேண்டியது இதுதான். எந்தப் புத்தகத்தை யார் சிபாரிசு செய்தாலும் ஒரே கேள்வி கேளுங்கள்: கதை இந்த அட்டைக்குள்ளேயே தொடங்கி இந்த அட்டைக்குள்ளேயே முடிகிறதா? ஆம் என்றால் வாங்குங்கள். அதில் யார் எழுதியது, யார் வரைந்தது என்று பார்த்து வையுங்கள். பிடித்திருந்தால் அந்த ஆட்களின் அடுத்த புத்தகத்தைத் தேடுங்கள், நாயகனின் அடுத்த புத்தகத்தை அல்ல. பேட்மேன் பிடித்துவிட்டது என்று பேட்மேன் என எழுதியிருப்பதையெல்லாம் வாங்குபவர்கள்தான் ஆறே மாதத்தில் அலுத்துப்போகிறார்கள்.

இனி அந்த முதல் புத்தகம். மூன்று இதழ்களாக 2019–20-இல் வந்து ஒரே தொகுப்பானது. கதை நடப்பது 1946-இல். சைனாடவுனில் வாழ்ந்த ஒரு சீனக் குடும்பம் மெட்ரோபோலிஸ் நகரின் வேறொரு பகுதிக்குக் குடிபோகிறது. மகன் டாமி பேஸ்பால் நன்றாக ஆடுவான். சட்டென்று எல்லோரோடும் ஒட்டிக்கொள்வான். மகள் ராபர்ட்டாவுக்கு அது வராது. ஓரமாக நின்று பார்ப்பவள். வெள்ளையரல்லாதவர்கள் ஊருக்குள் வருவதைப் பொறுக்காத முகமூடிக் கும்பல் ஒன்று (தலைப்பில் வரும் ‘க்ளான்’ இதுதான்) அவர்கள் வீட்டு வாசலில் சிலுவையைக் கொளுத்துகிறது. சூப்பர்மேன் உதவிக்கு வருகிறார், சரி. ஆனால் புத்தகம் அந்தச் சண்டையோடு நிற்பதில்லை. இந்தக் கதையின் தொடக்கத்தில் சூப்பர்மேன் பறப்பதில்லை. 1938-இல் இருந்ததைப் போல ஓடுகிறார், தாவுகிறார். தான் வேறொரு கிரகத்திலிருந்து வந்தவன் என்ற உண்மை அவருக்கே முழுதாகத் தெரியாது. தெரிந்த அளவும் பயமாக இருக்கிறது. ஊரார் மிரண்டுவிடக் கூடாதே என்று தன் பலத்தை அவர் தானே அடக்கிவைத்திருக்கிறார். ஓரமாக நிற்கும் ராபர்ட்டாவின் கண்ணில்தான் அது படுகிறது.

இங்கேதான் நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த வரி வருகிறது. இலங்கைத் தோட்டங்களிலிருந்த தமிழர்களில் ஒரு பகுதியை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்த 1964-ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு கப்பலேறி வந்து கோத்தகிரியிலும் குன்னூரிலும் கூடலூரிலும் பந்தலூரிலும் குடியேறியவர்களின் பேரப்பிள்ளைகள் எத்தனையோ பேர் இந்த மலையில் இருக்கிறார்கள். பேச்சில் இருக்கும் சிறு வித்தியாசத்தைப் பள்ளிக்கூடத்தில் மறைத்துப் பேசப் பழகியது உங்கள் அப்பாவுக்கு நினைவிருக்கக்கூடும்; கேட்டுப் பாருங்கள். சூப்பர்மேன் என்றால் பலசாலி என்றுதான் நாமெல்லோரும் நினைக்கிறோம். ஊர் அழிந்ததால் குழந்தையாகவே வேறு மண்ணுக்கு அனுப்பப்பட்டு, அந்த மண்ணின் பிள்ளையாக வேஷம் போட்டு வாழ்கிறவர் அவர். சும்மா வந்த கற்பனை அல்ல இது. அவரைப் படைத்த ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் இருவருமே அமெரிக்கக் கண்டத்தில் குடியேறிய யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். (அந்த இருவரும் சூப்பர்மேன் உரிமையை 130 டாலருக்கு எழுதிக்கொடுத்துவிட்டு வாழ்நாளெல்லாம் வழக்காடியது தனிக் கதை.) யாங்கின் புத்தகம் அந்தப் பழைய வேரைத் தோண்டி எடுத்துக் காட்டுகிறது. கதைக்கான மூலமும் புதிதல்ல: 1946-இல் அமெரிக்க வானொலியில் பதினாறு பகுதிகளாக வந்த சூப்பர்மேன் தொடர் ஒன்றைத்தான் அவர் எடுத்துத் திருப்பி எழுதியிருக்கிறார். புத்தகத்தின் கடைசியில் அந்த வரலாற்றையும் தன் குடும்பத்துக் கதையையும் சேர்த்து ஒரு கட்டுரை இருக்கிறது. தாண்டிவிடாதீர்கள்.

ஆங்கிலம் எளிது, படங்கள் தெளிவு, பதினோரு வயதுப் பெண்ணுக்குக் கொடுக்கக் கூசும்படி ஒரு பக்கமும் இல்லை. அந்தக் கும்பலைப் பற்றி அவள் கேள்வி கேட்பாள். பதில் சொல்லத் தயாராக இருங்கள்.

இரண்டாவது புத்தகம் அவளுக்கு அல்ல. ‘பேட்மேன்: இயர் ஒன்’ 1987-இல் நான்கு இதழ்களாக வந்தது. எழுத்து ஃபிராங்க் மில்லர், ஓவியம் டேவிட் மஸுகெல்லி, வண்ணம் ரிச்மண்ட் லூயிஸ். பேட்மேனின் முதல் வருடம் என்று பெயர் இருந்தாலும், கதையின் கனம் ஜிம் கார்டன் என்ற போலீஸ் அதிகாரியின் மேல்தான் இருக்கிறது. காதம் நகரத்துக்கு இருவரும் ஒரே நாளில் வருகிறார்கள்: கார்டன் ரயிலில், புரூஸ் வேய்ன் விமானத்தில். மேலிருந்து பார்த்தால் ஊர் சுத்தமாகத் தெரிகிறது; ரயிலில் வந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொள்கிறான் புரூஸ். அந்த முதல் பக்கங்களிலேயே இரண்டு மனிதர்களும் யாரென்று பிடிபட்டுவிடுகிறது. கார்டன் சேரும் காவல் துறையில் கமிஷனர் உட்படக் கை நனைக்காதவர் இல்லை. வீட்டில் கர்ப்பிணி மனைவி. அவரும் தவறே செய்யாதவரல்ல. மனைவிக்குத் தெரியாமல் சக அதிகாரி ஒருத்தியோடு உறவு ஏற்படுகிறது. புரூஸோ முதல் இரவிலேயே அடி வாங்கி, கத்திக்குத்துப் பட்டு, ரத்தம் ஒழுக வீட்டு நாற்காலியில் வந்து விழுகிறான். சண்டையிடத் தெரியும், எப்படிப் பயமுறுத்துவது என்பதுதான் தெரியவில்லை. அப்போது ஜன்னல் கண்ணாடியை உடைத்துக்கொண்டு ஒரு வௌவால் உள்ளே வருகிறது.

இந்தப் புத்தகத்தில் மஸுகெல்லி எவ்வளவு குறைவாக வரைந்திருக்கிறார் என்று பாருங்கள். முகத்துக்கு நான்கு கோடு, சுவருக்கு ஒரு நிழல். தசை புடைத்த உடம்புகளைப் படங்களில் பார்த்துப் பழகிய கண்ணுக்கு முதலில் வெறுமையாகத் தெரியும். பத்துப் பக்கம் போனதும் அந்த வெறுமையே குளிராக உறைக்கும். எழுத்துப் பெட்டிகளையும் கவனியுங்கள். கார்டனின் மனக்குரல் ஒரு கையெழுத்தில் இருக்கும், புரூஸுடையது வேறொன்றில். ‘யார் நினைக்கிறார்’ என்று எங்கும் சொல்ல மாட்டார்கள்.

இதை அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உங்கள் வளர்ப்பு. அப்பாவின் பெட்டியில் இருப்பவை பெரும்பாலும் பிரிட்டிஷ் கதைகள். 1972-இல் முத்து காமிக்ஸைத் தொடங்கிவைத்த இரும்புக்கை மாயாவியும் அப்படித்தான். மின்சாரம் தாக்கியதும் உடல் மறைந்து, எஃகுக் கை மட்டும் காற்றில் மிதந்து வரும் அந்த மனிதரை விடச் சுவாரசியமான சூப்பர்ஹீரோ அமெரிக்காவிலேயே குறைவு என்பது என் கட்சி. ஆனால் அந்தக் கதைகளில் படத்தில் தெரிவதையே மேலே ஒரு வரி திருப்பிச் சொல்லும்: ‘மாயாவி சுவரைத் தாண்டிக் குதித்தார்!’ ஆகவே எழுத்தை மட்டும் ஓட்டிக்கொண்டு போனாலும் கதை புரிந்துவிடும். புதிய அமெரிக்கக் காமிக்ஸில் அப்படிப் படித்தால் பாதிக் கதை கைநழுவிப் போகும். எழுத்தே இல்லாத பக்கங்கள் வரும். முக்கியமானது அங்கேதான் நடக்கும். கதை என்ன ஆகிறது என்ற அவசரத்தில் ஒருமுறை படித்துவிட்டு, இரண்டாம் முறை படங்களை மட்டும் பார்த்துக்கொண்டு போங்கள்.

பெட்டியைப் பற்றிப் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். லயன் காமிக்ஸில் வந்த ஸ்பைடர் நினைவிருக்கிறதா? கூர்மையான காதும் வலைத் துப்பாக்கியுமாக, முதலில் குற்றச் சக்கரவர்த்தியாக இருந்து பிறகு குற்றவாளிகளை வேட்டையாடக் கிளம்பியவர். மார்வெல் ஸ்பைடர்மேனுக்கும் இவருக்கும் சம்பந்தமில்லை. பிரிட்டனில் 1965-இல் தொடங்கிய அந்தத் தொடரைச் சீக்கிரமே எழுத வந்தவர் ஜெர்ரி சீகல். ஆம், சூப்பர்மேனைப் படைத்த அதே சீகல். பிழைப்புக்காகக் கடல் தாண்டி எழுதிக்கொடுத்தார். சிவகாசியில் அச்சாகி உங்கள் வீட்டுக்கு வந்த அந்தப் புத்தகங்கள் வழியாக அவர் எழுத்து உங்களுக்கு ஏற்கெனவே பழக்கம். ‘நான் புதியவன்’ என்று தயங்க வேண்டியதில்லை.

மூன்றாவது மாதம் அக்கா மகளின் முறை. ‘மிஸ் மார்வெல்’, 2014-இல் தொடங்கியது. எழுதியவர் ஜி. வில்லோ வில்சன், வரைந்தவர் ஏட்ரியன் அல்போனா. முதல் தொகுதியின் பெயர் ‘நோ நார்மல்’; அறிவியல் புனைவுக்கும் மிகைப்புனைவுக்கும் தரப்படும் ஹ்யூகோ விருதை 2015-இல் பெற்றது. கமலா கான் பதினாறு வயதுப் பாகிஸ்தானிய அமெரிக்கப் பெண். ஜெர்ஸி சிட்டியில் இருக்கிறாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் நியூயார்க். சூப்பர்ஹீரோக்கள் எல்லோரும் அந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள். இங்கே அம்மி, அபு, தொழுகையே கதியென்று இருக்கும் அண்ணன், இரவில் வெளியே போகத் தடை. ஒருநாள் ஊரை மூடும் விசித்திரமான பனிமூட்டத்தில் அவளுக்குச் சக்தி கிடைத்துவிடுகிறது. (நம் ஊரில் பனிமூட்டத்தில் கிடைப்பது சளி மட்டும்.) சக்தி வந்ததும் அவள் முதலில் எடுக்கும் உருவம் தன்னுடையதல்ல, தான் போற்றும் பொன்முடி வெள்ளைக்காரப் பெண்ணின் உருவம். அந்த உடுப்பும் உயரமும் வந்த பிறகும் ஏன் மகிழ்ச்சி வரவில்லை என்று அவள் யோசிக்கும் பக்கங்களுக்காகவே இந்தப் புத்தகத்தை எந்தப் பெண் குழந்தைக்கும் வாங்கித் தரலாம். வீட்டுக்குள் நடக்கும் சண்டைகள் உங்கள் வீட்டுக் கூடத்தில் நடப்பவைதான். மொழிபெயர்க்க அவசியமே இருக்காது. ஒன்றே ஒன்று: இது தொடர். முதல் தொகுதியில் ஒரு கட்டம் முடியும், கதை முழுதாக முடியாது. அதனால்தான் மூன்றாவதாக வைத்தேன்.

ஸ்பைடர்மேன் எங்கே என்று கேட்பீர்கள். இவரை வைத்துத்தான் எல்லோரும் சண்டை போடுகிறார்கள். ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் 1962-இல் செய்த முதல் கதை வெறும் பதினோரு பக்கம். சிலந்தி கடிப்பது, பணம் சம்பாதிக்கக் கிளம்புவது, ஓடும் திருடனைத் தடுக்காமல் விடுவது, அவனாலேயே சித்தப்பா சாவது, எல்லாம் அந்தப் பதினோரு பக்கத்துக்குள் முடிந்துவிடுகிறது. 2000-இல் பிரையன் மைக்கேல் பெண்டிஸும் மார்க் பேக்லியும் ‘அல்டிமேட் ஸ்பைடர்மேன்’ தொடங்கியபோது அதே சம்பவங்களுக்கு முதல் தொகுதி முழுவதையும், அதாவது ஏழு இதழ்களை, எடுத்துக்கொண்டார்கள். எது மேல்? டிட்கோவின் இறுக்கம்தான் மேல் என்பேன். ஆனால் லீ எழுதிய வசனங்கள் பக்கத்தை அடைத்துக்கொண்டு நிற்கும், அறுபதுகளின் ஆங்கிலம் வேறு. உங்களுக்கு பெண்டிஸ் சுலபமாக இருக்கும்: பள்ளிக்கூடம், தோழி, அத்தையின் கவலை, எல்லாவற்றுக்கும் மூச்சுவிட இடம் இருக்கிறது. அதில் ஊறிய பிறகு டிட்கோவிடம் போங்கள். 1966-இல் வந்த 33-ஆம் இதழில், இடிந்து விழுந்த பெரும் இயந்திரத்தின் அடியில் நசுங்கிக் கிடக்கும் பீட்டர் அதைத் தூக்கி எழும் பக்கங்கள் இருக்கின்றன. பக்கம் புரட்டப் புரட்டக் கட்டங்கள் பெரிதாகிக்கொண்டே போகும். எனக்கு அலுக்காத பக்கங்கள் அவை.

ஆர்டர் கொடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. ‘அல்டிமேட் ஸ்பைடர்மேன்’ என்ற அதே பெயரில் 2024-இல் வேறொரு தொடர் வந்தது. அதில் பீட்டர் குழந்தைகுட்டியோடு இருக்கும் குடும்பஸ்தன். எழுதியவர் ஜொனதன் ஹிக்மன். நல்ல புத்தகம்தான், ஆனால் ஸ்பைடர்மேனை ஏற்கெனவே அறிந்தவர்களுக்கானது. எழுதியவர் பெயரைப் பார்த்து வாங்குங்கள்.

படங்கள் பார்த்தவர் என்பதால் ‘தி இன்ஃபினிட்டி காண்ட்லெட்’ உங்களை இழுக்கும். தானோஸ் விரல் சொடுக்கி அண்டத்தில் பாதி உயிர்களை அழிக்கும் கதை. 1991-இல் ஆறு இதழ்களாக வந்தது. திரைப்படத்தில் உச்சத்தில் வரும் அந்தச் சொடுக்கு, காமிக்ஸில் முதல் இதழிலேயே நடந்துவிடும். காரணமும் வேறு: படத்தில் உணவும் வளமும் போதவில்லை என்பான், காமிக்ஸில் மரண தேவதையின் காதலைப் பெறுவதற்காகச் செய்கிறான். ஒப்பிட்டுப் பார்க்கச் சுவாரசியம். ஆனால் கூட்டம் அதிகம். யாரென்றே தெரியாத ஐம்பது பேர் பக்கத்துக்குப் பக்கம் வந்து அடிபடுவார்கள். ஒரு வருடம் போகட்டும். ‘சிவில் வார்’ முதலான மற்றப் பெருங்கூட்டக் கதைகளுக்கும் இதே பதில்.

படத்துக்கும் காமிக்ஸுக்கும் உள்ள தூரத்தை ரசிக்க வேண்டுமானால் ‘ஹாக்ஐ’ (Hawkeye) வாங்குங்கள். மேட் ஃபிராக்‌ஷன் எழுத்து, டேவிட் ஆஹா ஓவியம், 2012-இல் தொடக்கம். படத்தில் பண்ணை வீடும் மனைவி மக்களுமாக இருக்கும் வில்லாளி, இங்கே விவாகரத்தான தனியாள். புரூக்ளினில் ஒரு பழைய குடியிருப்பு. குடியிருப்பவர்களைத் துரத்தப் பார்க்கும் ரவுடிகளோடு சண்டை. ஒற்றைக்கண் நாய் ஒன்று. பதினோராம் இதழ் முழுக்க அந்த நாயின் பார்வையில் நடக்கிறது: மனிதர்கள் பேசுவதில் அதற்குப் புரிந்த சொற்கள் மட்டும் எழுத்தில் இருக்கும், மீதியெல்லாம் வாசனைகளின் சின்னங்கள். சினிமாவால் இதைச் செய்ய முடியாது. ஆங்கிலம்தான் கொஞ்சம் தகராறு. பாதி வாக்கியங்கள், தெருப் பேச்சு. ஐந்தாறு புத்தகம் பழகிய பிறகு எடுத்தால் தடுக்காது.

சூப்பர்மேன் பக்கம் மனம் சாய்ந்தால் ஜெஃப் லோப் எழுதி டிம் சேல் வரைந்த ‘சூப்பர்மேன் ஃபார் ஆல் சீஸன்ஸ்’ (1998) இருக்கிறது. நான்கு பருவம், நான்கு இதழ், ஒவ்வொன்றையும் வேறொருவர் சொல்கிறார். வசந்தத்தைச் சொல்பவர் வளர்த்த அப்பா. பயிர் செய்யும் சிற்றூரிலிருந்து பிள்ளை நகரத்துக்குக் கிளம்புவதுதான் கதை. தேயிலை விலை இறங்கிய பிறகு கோவைக்கும் பெங்களூருக்கும் பிள்ளைகளை பஸ் ஏற்றிவிட்ட எந்த அப்பாவுக்கும் அந்த முதல் அத்தியாயத்தைப் படித்துக் காட்டலாம். அதற்குப் பிறகு கிராண்ட் மாரிசனும் ஃபிராங்க் கொய்ட்லியும் செய்த ‘ஆல்–ஸ்டார் சூப்பர்மேன்’, பன்னிரண்டு இதழ்கள், 2005 முதல் 2008 வரை. தன் பிறப்புக் கதையை ஒரே பக்கத்தில், நான்கே கட்டங்களில் முடித்துவிட்டு, சாகப்போகும் சூப்பர்மேன் கடைசி நாட்களில் என்ன செய்கிறார் என்று பார்க்கப் போய்விடும். எனக்கு இந்த வகையிலேயே மிகப் பிடித்த புத்தகம் அது. முதல் புத்தகமாகச் சொல்லாததற்குக் காரணம், எழுபது வருடச் சூப்பர்மேன் கதைகளை அது நினைவுகூர்ந்தபடியே நகர்கிறது. ஐந்தாவதாகப் படித்தால் இரட்டிப்பாகக் கிடைக்கும்.

இப்போது ‘வாட்ச்மென்’. எந்தப் பட்டியலைத் திறந்தாலும் முதலில் நிற்பது இதுதான். ஆலன் மூர் எழுத, டேவ் கிப்பன்ஸ் வரைந்து 1986–87-இல் பன்னிரண்டு இதழ்களாக வந்தது. முடிவுள்ள கதை, என் விதிப்படி பார்த்தால்கூடத் தேறிவிடும். தரத்திலும் குறை சொல்ல முடியாது: ஒன்பது கட்டங்கள் கொண்ட ஒரே அமைப்பைப் பக்கத்துக்குப் பக்கம் பிடித்துக்கொண்டு கிப்பன்ஸ் செய்திருக்கும் வேலையைப் பாடமாகவே வைக்கலாம். ஆனாலும் முதலில் வேண்டாம். முகமூடி மாட்டிக்கொண்டு நீதி வழங்கக் கிளம்புபவன் எப்படிப்பட்ட ஆளாக இருப்பான் என்று சூப்பர்ஹீரோ என்ற எண்ணத்தையே குறுக்கு விசாரணை செய்யும் புத்தகம் அது. குற்றஞ்சாட்டப்பட்டவரோடு நமக்குப் பழக்கம் இருந்தால்தான் விசாரணை சுடும். நேசிக்காத ஒன்றை உடைத்துக் காட்டினால் என்ன வலிக்கப்போகிறது? மில்லரின் ‘தி டார்க் நைட் ரிட்டர்ன்ஸ்’ (1986) பற்றியும் இதே கருத்துதான். ஐம்பத்தைந்து வயதில் ஓய்விலிருந்து திரும்பும் பேட்மேன். இளமையில் அவனைச் சந்தித்தவர்களுக்குத்தான் அந்தத் திரும்புதல் பொருள்படும். ‘இயர் ஒன்’ முடித்து ஒரு ஆறேழு மாதம் கழித்து இரண்டையும் எடுங்கள். ‘தி கில்லிங் ஜோக்’ என்ற பேட்மேன் கதை சின்னப் புத்தகம், விலையும் குறைவு என்று கண்ணில் படும். ஒரு பெண்ணுக்கு அதில் நடக்கும் கொடுமை கதைக்கு வேண்டிய அளவைத் தாண்டியது. எழுதிய ஆலன் மூரே பிற்பாடு அதை மெச்சிப் பேசியதில்லை. வீட்டில் சிறுமி இருக்கும்போது வாங்கவே வேண்டாம்.

விலை விஷயம். எல்லாம் இறக்குமதி; இன்று ஒரு விலை, அடுத்த வாரம் வேறு விலை. டிசி நிறுவனம் 2024 முதல் தன் புகழ்பெற்ற தொகுப்புகளில் சிலவற்றைக் கைக்கடக்கமான அளவில் ‘காம்பாக்ட் காமிக்ஸ்’ என்று போடுகிறது. அமெரிக்க விலை 9.99 டாலர். ‘ஆல்–ஸ்டார் சூப்பர்மேன்’, ‘வாட்ச்மென்’ இரண்டும் அதில் உண்டு. எழுத்து பொடியாகத் தெரியும், கண்ணாடி போட்டவர்கள் முணுமுணுப்பார்கள். மாத பட்ஜெட்டுக்கு அதுவே சரி. போனில் படிப்பதை நான் ஆதரிக்கவில்லை. இரண்டு பக்கத்துக்கு விரித்து வரைந்ததைக் கையளவு திரையில் துண்டு துண்டாகப் பார்ப்பதற்குப் படத்தையே மறுபடி பார்த்துவிடலாம். போதாததற்கு உங்கள் பக்கம் மழைக்காலத்தில் சிக்னல் இருக்கிற அழகு எனக்குத் தெரியும்.

வாங்கிய பிறகு காப்பாற்றுவதுதான் நமக்கெல்லாம் பெரும்பாடு. அப்பாவின் சாணிக் காகிதப் புத்தகங்கள் ஈரத்தில் பழுத்துப்போகும், அவ்வளவுதான். இவை வழுவழுப்பான ஆர்ட் பேப்பர்; ஈரம் ஏறினால் பக்கத்தோடு பக்கம் ஒட்டிக்கொள்ளும், பிரித்தால் மை உரிந்து வரும். வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் வைக்காதீர்கள். கம்பளித் துணிக்கு வைப்பதுபோல் மர அலமாரிக்குள் சின்ன பல்பு ஒன்று எரியவிடும் வழக்கம் உங்கள் வீட்டிலும் இருக்குமானால், புத்தகத்தையும் அங்கேயே வைக்கலாம்; பல்பில் படாமல் தள்ளி வையுங்கள். இல்லையென்றால் டிரங்குப் பெட்டி, உள்ளே செருப்புப் பெட்டியில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள். வெயில் அடிக்கிற நாளில் நிழலில் விரித்து ஆற வைத்தால் போதும், நேர் வெயில் கூடாது. நாப்தலின் உருண்டை மட்டும் போட்டுவிடாதீர்கள். அந்த வாடை தாளில் ஏறிவிட்டால் பக்கத்தைத் திறக்கும்போதெல்லாம் பேட்மேன் பஸ் நிலையக் கழிப்பறையிலிருந்து இறங்கி வருவார்.